ரெயின்கோட்ஸ் போல வாசிப்பது எப்படி: நால்வர் குழுவுக்கு ஒரு செய்முறை

லண்டனைச் சேர்ந்த ரெயின்கோட்ஸ் குழுவின் 1979 ஆல்பத்தைக் கேட்டதும் "இதை நாமும் வாசித்துவிடலாமே" என்று தோன்றும். நான்கு பேர் சேர்ந்து முயன்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். பத்து நிமிடத்தில் டிரம்மர் கை தானாக ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) தேடிப் போகும். பேஸ் கிட்டார் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். வயலின் இனிமையாக இழுக்கத் தொடங்கும். கடைசியில் வெளியே வருவது ஒரு சாதாரண ராக் பாட்டு. அந்தப் பழக்கப்பட்ட ஒழுங்கு எந்தெந்த வழியாக உள்ளே நுழைகிறது, ஒவ்வொரு வழியையும் எப்படி அடைப்பது என்பதுதான் இந்தச் செய்முறை. அவர்களுடைய பாட்டுகளைப் பிரதி எடுப்பதற்கு அல்ல, உங்கள் சொந்தப் பாட்டை அந்த முறையில் கட்டுவதற்கு.

குழுவைப் பற்றிச் சுருக்கமாக. ஹார்ன்சி கலைக்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அனா டா சில்வாவும் (கிட்டார், குரல்) ஜீனா பர்ச்சும் (பேஸ், குரல்) 1977இல் தொடங்கினார்கள். தொடக்கத்தில் ஆண்களும் இருந்தார்கள். ஸ்லிட்ஸ் குழுவிலிருந்து வந்த டிரம்மர் பாமாலிவ், வயலின் வாசிக்கும் விக்கி ஆஸ்பினால் இருவரும் சேர்ந்த பிறகுதான் நால்வரும் பெண்களான குழு அமைந்தது. இதில் கவனிக்க வேண்டியது: ஆஸ்பினால் முறையாக மேற்கத்திய சாஸ்திரிய வயலின் பயின்றவர். பாமாலிவ் அதற்கு முன்பே மேடைகளில் வாசித்துப் பழகியவர். ஆகவே அந்த முரட்டு ஓசையை வாசிக்கத் தெரியாததன் விளைவு என்று நினைத்து, வேண்டுமென்றே தப்பாக வாசித்தால் ஒன்றும் நடக்காது. பாசாங்கு முதல் நிமிடத்திலேயே காதில் படும்.

எதை, எப்படிக் கேட்பது

முதல் ஆல்பத்தின் மூல எல்பியில் பத்துப் பாட்டுகள். 1993இல் மறுவெளியீடு வந்தபோது அதற்கு முன் தனி சிங்கிளாக வந்திருந்த பாட்டை சிடியின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். அது நல்ல பாட்டுதான், ஆனால் ஆல்பத்தின் நுழைவாயில் அது இல்லை. வேகமான பங்க் குழு என்ற எண்ணத்தோடு காது உள்ளே போய்விடும். எனவே சிடி வரிசையில் கேட்பவர்கள் முதல் பாட்டைத் தாண்டித் தொடங்குவது நல்லது.

அந்த மறுவெளியீடு வந்த கதை இசை ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான். குழு 1984இல் கலைந்து, தட்டுகள் கடைகளில் கிடைக்காமல் போயிருந்த காலம். 1992இல் நிர்வானாவின் கர்ட் கோபேன் தன் தேய்ந்துபோன பிரதிக்குப் பதிலாகப் புதிதொன்று தேடி லண்டனில் ரஃப் டிரேட் கடைக்குப் போனார். அங்கிருந்தவர்கள் அவரை அனா வேலை பார்த்த பழம்பொருள் கடைக்கே அனுப்பினார்கள். அந்த ஆண்டு இறுதியில் வந்த நிர்வானா தொகுப்பு ஒன்றின் உறைக் குறிப்பில் அவர் இதை எழுத, ஒரு புதிய தலைமுறையே இந்தப் பெயரைத் தேடத் தொடங்கியது. 1994இல் குழு மீண்டும் கூடியது, 1996இல் இன்னொரு ஆல்பமும் வந்தது. நம் வேலைக்கு 1979, 1981 ஆல்பங்கள் இரண்டும் போதும்.

ஒரே பாட்டை நான்கு தடவை கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். பேஸில் தொடங்கி டிரம்ஸ், வயலின், கடைசியாகக் கிட்டார். எந்த வாத்தியமாவது வெறும் 'பின்னணி' வாசிக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. தாங்கிப் பிடிப்பதற்கென்று யாரும் நியமிக்கப்படவில்லை, நான்கும் தனித்தனி வரிகள். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான்.

டிரம்ஸ்

பாதிப் பிரச்சினை இங்கேதான், பாதித் தீர்வும் இங்கேதான். பாமாலிவ் வாசிப்பில் எடை முழுவதும் டாம்களில் (கீழ்க் கம்பி இல்லாமல் முழங்கும் டிரம்கள்) இருக்கிறது. சிம்பல்கள் மிகக் குறைவு. சாதாரண ராக் வாசிப்பில் ஹை-ஹாட் விடாமல் பீட்டைப் பொடியாக நறுக்கிக்கொண்டே இருக்கும், மற்ற மூவரும் அதன்மேல் சாய்ந்துகொள்வார்கள். அதை எடுத்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் காலில் நிற்க வேண்டும்.

கிராஷ், ரைடு என்ற பெரிய சிம்பல்கள் இரண்டையும் ஸ்டாண்டோடு கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். "அடிக்காமல் இருந்துகொள்கிறேன்" என்பது நடைமுறையில் பலிக்காது. ஹை-ஹாட்டையும் முதல் சில ஒத்திகைகளுக்கு எடுத்துவிடலாம். மிஞ்சுவது 20 அல்லது 22 அங்குல பேஸ் டிரம், 14 அங்குல ஸ்னேர், 12 அல்லது 13 அங்குல ரேக் டாம், 16 அங்குல ஃப்ளோர் டாம்.

டாம்களைச் சுருதி கூட்டுவதில் அவசரப்படக் கூடாது. தோலை வைத்து, திருகுகளை விரலாலேயே முடிந்த மட்டும் இறுக்குங்கள். பிறகு சாவியால், ஒன்றுக்கு எதிரே உள்ள ஒன்று என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் அரைச் சுற்று. அடுத்த சுற்றுகளில் கால் கால் சுற்றாக. ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில், விளிம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. உள்ளே மெல்லத் தட்டி ஒரே ஓசை வருகிறதா பாருங்கள். ஒரு திருகு மட்டும் தளர்ந்திருந்தால் டாம் 'வௌவ்' என்று அலையும். மைக் வைத்த பிறகு அது பத்து மடங்கு மோசமாகக் கேட்கும். மேல் தோலும் கீழ்த் தோலும் ஒரே சுருதியில் இருந்தால் ஓசை நீளமாக நிற்கும். கீழ்த் தோலைச் சற்று மேலே ஏற்றினால் சுருக்கமாக முடியும். இங்கே சுருக்கமே வேண்டும். ரேக் டாமுக்கும் ஃப்ளோர் டாமுக்கும் நடுவே ச–ப அளவு இடைவெளி வைத்தால் வெறும் தட்டலிலேயே ஒரு மெட்டு தெரிய ஆரம்பிக்கும். இன்னும் முழங்கினால் நான்காக மடித்த சிறு துணியை விளிம்போரம் ஒட்டுங்கள், நடுவில் ஒட்டினால் டாம் செத்துவிடும்.

ஸ்னேரின் கீழ்க் கம்பியை ஒரு பாட்டுக்கு மட்டும் தளர்த்திவிட்டுப் பாருங்கள். மூன்றாவது டாம் ஒன்று இலவசமாகக் கிடைத்த மாதிரி.

பயிற்சிக்கு ஒரு வடிவம்: நான்கு பீட்டை எட்டு அரைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோர் டாம் 1, 4, 7. ரேக் டாம் 3, 8. ஸ்னேர் 5. பேஸ் டிரம் 1, 5. இரண்டாவதும் ஆறாவதும் காலி. அந்தக் காலியிடத்தை நிரப்பத்தான் கை துடிக்கும், விடாதீர்கள். நிமிடத்துக்கு 110 பீட்டில் தொடங்கி, கை பழகியதும் 135 வரை போகலாம்.

ஹை-ஹாட் இல்லாவிட்டால் வேகம் நிலைக்காது என்று உடனே புகார் வரும். உண்மைதான். பாட்டு 135இல் தொடங்கி 145இல் முடியலாம், அதனால் குடி முழுகிவிடாது. மெட்ரோனோமைக் காதில் மாட்டி இதைச் சரிசெய்யப் போனால் பாட்டின் உயிர் போய்விடும். கவனிக்க வேண்டியது வேறு: வேகம் ஏறும்போது நால்வரும் சேர்ந்து ஏறுகிறார்களா? டிரம்ஸும் பேஸும் ஏறி, கிட்டார் மட்டும் பழைய வேகத்தில் நின்றால் அது தப்பாகத்தான் கேட்கும். டிரம்மரும் பேஸ் வாசிப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி உட்கார்ந்தாலே பாதி சரியாகிவிடும்.

பேஸ்

பாட்டின் முக்கிய மெட்டைப் பேஸிடம் கொடுங்கள். கிட்டார் கார்டின் அடிச்சுரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் பேஸ் இந்த இசைக்கு உதவாது.

16 அங்குல ஃப்ளோர் டாமின் அடி ஓசை ஏறக்குறைய 70 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் விழும். பேஸின் கீழ்க் கம்பிகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன: திறந்த ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் கீழே சேறு, எதுவும் தெளிவாகக் கேட்காது. அதனால் பேஸை மேலே ஏற்றுங்கள். டி, ஜி கம்பிகளில் 5ஆம் ஃப்ரெட்டுக்கும் 12ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையே வாசித்தால் அடிச்சுரங்கள் 98 முதல் 196 ஹெர்ட்ஸுக்குள் அமையும். டாம் கீழே முழங்க, பேஸ் அதற்கு மேலே பாடும். ஆம்பில் பேஸ் குமிழை நடுவுக்குக் கீழே இறக்கி, மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பிகள் நல்லது, ஃப்ளாட்வவுண்டில் (தட்டைக் கம்பி சுற்றியதில்) மெட்டு அமுங்கிவிடும்.

வரியின் நீளத்தில் ஒரு சின்னக் குறும்பு செய்யலாம். டிரம்ஸ் 8 பீட் சுற்றில் போகும்போது பேஸ் வரியை 6 பீட்டில் கட்டுங்கள். 24 பீட்டுக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒன்றாகத் தொடக்கத்தில் சந்திக்கும். நடுவில் யாரோ தவறிவிட்டது போலவே தோன்றும், தவறியிருக்காது. குரல் நுழைவதற்கு அந்தச் சந்திப்புப் புள்ளிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டார்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கிட்டார் செய்ய வேண்டியதே கொஞ்சம். பிரிட்ஜ் பிக்கப், டிஸ்டார்ஷன் இல்லாத ஆம்ப், டிரெபிள் 7, பேஸ் 2. மெல்லிய பிக், 0.60 முதல் 0.73 மி.மீ. மேல் மூன்று கம்பிகளில் இரண்டு சுரம் அல்லது மூன்று சுரம். பார் கார்டும் பவர் கார்டும் வேண்டாம், அவை அறை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஓயாமல் அடிக்கவும் வேண்டாம்: எட்டு பீட்டில் மூன்று சுரண்டல் போதும். கிட்டார் வாசிப்பவருக்குப் போரடித்தால் பாடச் சொல்லுங்கள், அனா செய்தது அதுதான்.

வயலின்

இந்த ஓசையை இந்த ஓசையாக்குவது வயலின். கெட்டுப்போவதும் இங்கேதான் சுலபம், ஏனென்றால் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அழகாக வாசிக்காமல் இருப்பது பெரும்பாடு.

மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-ஈ சுருதி. பாட்டை டி, ஜி, ஏ ஆகியவற்றில் ஒன்றில் அமைத்தால் திறந்த கம்பிகள் இரண்டைச் சேர்த்து இழுத்து நிற்கலாம். கர்நாடக முறையில் ச-ப-ச-ப என்று கூட்டிய வயலினும் சரிவரும், அதிலும் அடுத்தடுத்த கம்பிகள் ச–ப ஆகவே இருப்பதால் இழுப்பு இன்னும் எளிது. ஆனால் பாட்டின் ஆதாரச் சுரத்தை வயலினுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தச் சுருதியானாலும் கமகமும் வைப்ரேட்டோவும் கூடாது. சுரம் மட்டையாக, ஆடாமல் நிற்கட்டும்.

வில்லைப் பிரிட்ஜுக்கு 1 முதல் 1.5 செ.மீ. அருகில் கொண்டுபோய், அழுத்தத்தைக் கூட்டி, மெதுவாக இழுத்தால் அந்தக் கரகரப்பு வரும். அழுத்தம் போதாவிட்டால் விசில் சத்தம், அதிகமானால் கதவு கீச்சிடும் சத்தம். நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது, ஒவ்வொரு வயலினுக்கும் அது வேறு. இந்த இழுப்போடு இன்னும் இரண்டு வேலைகள் போதும்: வில்லின் நடுவில் குட்டிக் குட்டியாக வெட்டி வாசிப்பது, விரலால் சுண்டுவது. ஒரு பாட்டுக்கு மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

கிட்டாரின் மேல் மூன்று கம்பிகளும் (196, 247, 330 ஹெர்ட்ஸ்) வயலினும் ஒரே தெருவில் குடியிருப்பவை. சண்டை வராமலிருக்க விதி ஒன்று: ஒரே நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே நீண்ட ஓசை. வயலின் இழுக்கும்போது கிட்டார் சுரண்டலாம், கிட்டார் ஒலிக்கவிட்டால் வயலின் வெட்ட வேண்டும்.

இனி மின்சார விஷயம். பிரிட்ஜில் பொருத்தும் பீசோ பிக்கப்பை (அதிர்வை மின் சைகையாக்கும் சிறு கருவி) மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகுவது பரவலான தவறு. அந்த இன்புட்டின் மின்மறுப்பு 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும், பீசோவுக்குக் குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். இல்லாவிட்டால் கீழ்ச் சுரங்கள் காணாமல் போய், தகரத்தைக் கீறுவது போல ஒலிக்கும். நடுவே பீசோவுக்கான பிரீஆம்ப் வைக்கலாம். அல்லது கிட்டார் ஆம்பிலேயே செருகலாம்: அதன் இன்புட் வழக்கமாக 1 மெகா ஓம், அதன் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே சரிந்துவிடுவதால் கீச்சலும் மட்டுப்படும். இந்த இசைக்கு இரண்டாவது வழிதான் பொருத்தம். ஃபீட்பேக் ஊளையிட்டால் முதலில் ஆம்புக்கும் வயலினுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டுங்கள், வயலின் ஆம்பை நேராகப் பார்க்காதபடி நில்லுங்கள். அப்புறமும் அடங்காவிட்டால் 280 ஹெர்ட்ஸ் அருகில் 4 முதல் 6 டெசிபல் குறுகலாகக் குறைத்துப் பாருங்கள். வயலின் பெட்டிக்குள் இருக்கும் காற்று அதிரும் இடம் அது.

குரல்

இருவரோ மூவரோ, ஒரே மெட்டைப் பாடுங்கள். ஒருவர் மெட்டும் இன்னொருவர் மேலே இசைவுமாகப் பிரித்தால் தேவாலயக் கோரஸ் ஆகிவிடும். ஒரே மெட்டை வேறு வேறு குரல்கள் தத்தம் இயல்பான உச்சரிப்பில் பாடும்போது ஓரங்கள் ஒட்டாமல் நிற்கும், அதுதான் தேவை. ஒருவர் அரை பீட் முந்தலாம். ஒருவர் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் சேர்ந்து சொல்லலாம். யார் எங்கே நுழைவது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், எல்லாமே தற்செயல் என்று விட்டால் கூச்சல்தான் மிஞ்சும்.

பேசும் குரலுக்கு அருகில் சுருதி வையுங்கள். எட்டிப் பிடிக்க வேண்டிய சுரம் வந்தால் பாட்டின் சுருதியையே இறக்குங்கள். பாடுபொருள் அன்றாடத்திலிருந்து வரட்டும். ஆனால் அன்றாடம் என்றால் லேசானது என்று அர்த்தமில்லை: முதல் ஆல்பத்திலேயே, பணியில் இல்லாத நேரத்தில் ஒரு ராணுவ வீரன் செய்த வன்புணர்வைப் பற்றிய பாட்டு இருக்கிறது.

ஒத்திகையில் கட்டும் வரிசை

மூன்று மணி நேரத்தில் ஒரு பாட்டின் எலும்புக்கூடு நிற்க வேண்டும். முதல் 40 நிமிடம் பேஸும் டிரம்ஸும் மட்டும். மற்ற இருவரும் வெளியே போய்விடலாம், உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்காது. அடுத்து குரல், ஆம், வயலினுக்கும் கிட்டாருக்கும் முன்பே குரல். பேஸ், டிரம்ஸ், குரல் மூன்றில் பாட்டு நிற்காவிட்டால் மீதி இரண்டும் அதைக் காப்பாற்றாது, மறைக்கத்தான் செய்யும். பிறகு வயலின். கடைசி அரை மணியில் கிட்டார், மிச்சமிருக்கும் ஓட்டைகளில் மட்டும்.

அமைப்பில் சரணம், பல்லவி என்று எட்டெட்டாக அடுக்காதீர்கள். ஒரு பகுதி 7 சுற்று, அடுத்தது 5, நடுவில் குரல்கள் மட்டும். மாற்றங்களுக்குக் கண் சைகையோ ஒரு குறிப்பிட்ட சொல்லோ வைத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கொண்டே வாசித்தால் முகமே காட்டிக்கொடுக்கும். முடிவை இழுத்து மெதுவாக்க வேண்டாம். பேச்சு நடுவில் எழுந்து போவது போல நிறுத்துங்கள்.

நான்காவது ஒத்திகை வாக்கில் ஓர் ஆபத்து வரும்: எல்லோருக்கும் பாட்டு பழகி, ஓரங்கள் மழுங்கி, எல்லாம் ஒரே பீட்டில் சரியாக விழத் தொடங்கும். அதற்குள் பதிவு செய்துவிடுங்கள். தாமதமாகிவிட்டால் இருவர் வாத்தியங்களை மாற்றிக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், பிடி மீண்டும் தளரும்.

பதிவு

முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர்கள் ரெட் கிரயோலா குழுவின் மேயோ தாம்ஸனும் ரஃப் டிரேட் நிறுவனத்தின் ஜெஃப் டிராவிஸும். கேட்டால் ஓர் அறையில் நால்வர் வாசிப்பது போலவே இருக்கும். அதற்கு நால்வரும் ஒன்றாக வாசிப்பதுதான் நேர்வழி. தனித்தனி ட்ராக்காக எடுத்தால் ஒவ்வொருவரும் முந்தையவரைப் பின்பற்றுவார்கள், தனி வரி என்ற எண்ணமே போய்விடும்.

ஆறு சானல் போதும்: பேஸ் டிரம், ஃப்ளோர் டாம், டிரம்ஸ் மேலே ஒரு மைக், பேஸ் நேரடி, கிட்டார் ஆம்ப், வயலின் ஆம்ப். சிம்பல் இல்லாததால் இங்கே ஒரு வசதி. மேல் மைக்கை வழக்கமான ஒரு மீட்டருக்குப் பதிலாக டாம்களுக்கு 60–70 செ.மீ. உயரத்திலேயே வைக்கலாம், கம்ப்ரஷனும் (ஓசையின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது) தாராளமாகக் கொடுக்கலாம், சிம்பல் சீறி எழாது. ஆம்ப் மைக்குகளை ஸ்பீக்கர் கோனின் நடுவுக்கு நேராக வைக்காமல் ஓரமாக, துணியிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் வையுங்கள். குரலைத் தனியாக அப்புறம் எடுக்கலாம், ஆனால் பாடுபவர்கள் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பாட வேண்டும். ஆளுக்கொரு மைக் என்றால் இரண்டு மைக்குக்கு நடுவே உள்ள தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் குரல்கள் ஒன்றையொன்று அரித்துக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும்.

மிக்ஸிங்கில் வயலினை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழும் கிட்டாரை 120க்குக் கீழும் வெட்டுங்கள். கிட்டார் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம், மற்றவை நடுவில். குரலை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைக்காமல் வயலின் உயரத்திலேயே விடுங்கள். பீட்டை நேர்ப்படுத்தும் கருவியையும் குரல் சுருதியைத் திருத்தும் கருவியையும் திறக்கவே வேண்டாம்.

டிரம்மரே கிடைக்காவிட்டால்

1981இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'ஆடிஷேப்' இதற்கு வழிகாட்டும். பாமாலிவ் விலகிவிட்டார். அடுத்து வந்த இங்க்ரிட் வைஸும் நெடுநாள் இருக்கவில்லை. பல பாட்டுகள் நிலையான டிரம்மர் இல்லாமலேயே உருவாகி, ராபர்ட் வயட், சார்ல்ஸ் ஹேவர்ட், ரிச்சர்ட் டுடான்ஸ்கி போன்றவர்களின் தாளம் அவற்றோடு சேர்ந்தது. கலிம்பா (கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்க வாத்தியம்), பாலஃபோன் (மரப்பட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஆப்பிரிக்க வாத்தியம்) ஆகியவற்றோடு நம் சுருதிப் பெட்டியும் அதில் இருக்கிறது.

இந்த முறையில் முதலில் பேஸ், வயலின், குரல் மூன்றையும் மெட்ரோனோம் இல்லாமல் பதிவு செய்யுங்கள். வேகம் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கட்டும். தாளம் வாசிப்பவர் அதைக் குறைந்தது ஐந்தாறு தடவை கேட்டு, பேஸைப் பின்தொடராமல் குரலின் மூச்சைப் பின்தொடர்ந்து வாசிக்க வேண்டும். முழு டிரம்ஸ் செட் வேண்டாம், ஒரு டாமும் கையில் ஒரு குலுக்கியும் போதும். சுருதிப் பெட்டியில் ச–ப இரண்டு துளைகளை மட்டும் திறந்து, மைக்கைத் துருத்தியின் பக்கம் வைக்காமல் துளைகளின் பக்கம் ஓரடி தள்ளி வையுங்கள். துருத்திப் பக்கம் வைத்தால் காற்று புஸ்ஸென்று ஏறி இறங்குவதுதான் பதிவில் கேட்கும். கிட்டாரையும் வயலினையும் சுருதி கூட்டும் முன் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப மற்றதைக் கூட்டுங்கள். அதன் நாக்குகளைப் பாட்டுக்குப் பாட்டு திருத்த முடியாது.